ஏகமனதுக்கு ஒரு ஆள் குறைவு

அரசு உத்தியோகத்தில் நான் அதிகம் எழுதிய சொல் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். 'ஏகமனதாக.' மலையாளத்தில் அதற்கு 'ஐககண்ட்யேன' என்பார்கள். எந்தக் கூட்டமாக இருந்தாலும் சரி, நாற்காலி பறக்காத குறையாகச் சண்டை நடந்திருந்தாலும் சரி, மினிட்ஸ் புத்தகத்தின் கடைசி வரியில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் தாள் அமைதியாகிவிடும். தாள் அமைதியானால் என் வயிறும் அமைதியாகும்.

வயிற்றைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் வந்தால் மற்றவர்களைப் போலக் கை நடுங்காது, வியர்க்காது. நேராக வயிற்றைப் பிடிக்கும். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை எந்த அலுவலகத்தில் கழிப்பறை எந்தப் பக்கம், எதில் தாழ்ப்பாள் உண்டு, எதில் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட ஒருவனை அரசாங்கம் என்ன நம்பிக்கையிலோ ஒரு வார்டின் கிராமசபைக்கு ஒருங்கிணைப்பாளராகப் போட்டது. வேளாண் அலுவலகத்தில் பச்சைமிளகாய் நாற்றுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஊரைக் கூட்டு, பேசவிடு, எழுது, கையெழுத்து வாங்கு என்று ஒரு காகிதம் வந்தது. அன்று முழுக்க நான் சீட்டில் இல்லை. எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பஞ்சாயத்து என்று கேட்காதீர்கள். கேரளத்தின் தெற்கெல்லையில், அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் எங்கேயோ. பெயர் சொன்னால் என் பென்ஷன் காகிதம் எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளும்.

அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன்.

முதல் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில். பொருள், ஒரு தெருவிளக்கு. கோயில் குளத்தருகே போடுவதா, வாசகசாலை வளைவிலா. குளத்துக்குத்தான் எல்லாக் கைகளும் உயர்ந்தன. வளைவுக்கு ஒரே ஒரு கை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். தொழிலுறப்பு என்று எங்கள் பக்கம் சொல்லும் நூறுநாள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். நைட்டிக்கு மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துவர்த்துத் துண்டு. தோற்றுப்போன முகமே இல்லை. கடையில் சாமான் வாங்கியவள் மீதிச் சாமானைக் கேட்பதுபோல என் மேசைக்கு வந்தாள்.

"எனக்க அபிப்பிராயத்த எழுதிக்கிடுங்க சாறே." 'சார்' எங்கள் பக்கத்தில் 'சாறு'.

"அக்கா, முடிவு ஆயாச்சே. குளத்துக்குத்தான்."

"முடிவு ஆச்சு. நான் தோத்தாச்சு. அதத்தான் எழுதச் சொல்லுகேன். வளைவுல போடணும்னு ஒருத்தி பறஞ்சா, காரணம் இன்னது, அவ தோத்தா. மூணு வரி போதும்."

எனக்கு அடிவயிற்றில் ஒரு சிறு இழுப்பு. அதுவரை எந்த மினிட்ஸிலும் தோற்ற ஆளை நான் எழுதியதில்லை. எழுதினால் மேலே யாராவது 'இது என்ன பிரச்சினை' என்று கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவார்களோ? மெம்பரைப் பார்த்தேன். மெம்பர் என்றால் எங்கள் வார்டில் ஜெயித்த பஞ்சாயத்து உறுப்பினர். நல்ல மனிதர், எப்போதும் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட முகம். அவர் சலிப்போடு கையை விசிறினார்.

"எழுதும் சாறே. எழுதாம அவிய போமாட்டாவ. நமக்கு மத்தியான ஊணு கழிக்கண்டாமா?"

எழுதினேன். மலையாளத்தில் மூன்று வரி. அவளுக்கு மலையாளம் பேச வரும், எங்கள் எல்லாரையும்விட வேகமாக வரும், வாசிக்க வராது. குழித்துறைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "கொள்ளாம்" என்றாள். நன்றாக இருக்கிறது என்று பொருள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

இதில் என்ன அதிசயம், எல்லா ஊரிலும் ஒரு வம்பு பிடித்த ஆள் உண்டுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது குளத்துக்கரையில் விளக்குக்கம்பம் நடுகிற இடத்தில் புதர் வெட்டிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? அவளேதான்.

"அக்கா, நீங்க வேண்டாம்னு சொன்ன இடமில்லா இது?"

"வேண்டாம்னு சொன்னது கூட்டத்துல. இப்ப ஊரு சொல்லியாச்சு. அந்தக் கத்தியத் தாங்க."

அன்றிலிருந்து எனக்கு அவளைப் பற்றி ஒரு குறுகுறுப்பு. அந்த வருடம் நான் தபால்வழியில் எம்.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதும் ஒரு காரணம். படித்துக்கொண்டிருந்தேன் என்பதைவிடத் தோற்றுக்கொண்டிருந்தேன் என்பது சரி. 'நவீன இந்திய சமூக அரசியல் சிந்தனை' என்று ஒரு தாள். இரண்டு முறை எழுதியும் வரவில்லை. ஒரு சிந்தனையாளர், ஊர் கூடி ஒரே மனதாக முடிவெடுப்பதே நம் நாட்டு வழி, தலைகளை எண்ணுவது வெளியிலிருந்து வந்தது என்கிறார். இன்னொருவர், அந்த ஒரே மனது எந்தத் தெருக்காரனுடைய மனது, சேரியில் இருப்பவனை அந்தக் கூட்டத்தில் உட்காரவிட்டார்களா என்று கேட்கிறார். பரீட்சை ஹாலில் இருவரும் என் தலைக்குள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். நான் எழுந்து கழிப்பறைக்குப் போவேன். திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிடும்.

ஒருநாள் அவள் வீட்டுக்கு ஆட்டுக்கொட்டில் மானிய விண்ணப்பம் சரிபார்க்கப் போயிருந்தேன். கையில் அந்தத் தாளின் கைடு இருந்தது. அட்டை தமிழ் என்பதால் வாங்கிப் புரட்டினாள். அரைமணி நேரம் ஆடு என் ஃபைலைத் தின்ன முயல்வதும் நான் இழுப்பதுமாக இருந்தோம். அவள் தலை நிமிரவில்லை.

"சாறே, இதுல ஜெயிச்சவிய சொன்னதெல்லாம் இருக்கு. கூட்டத்துல எதிர்த்துப் பேசித் தோத்தவிய சொன்னது எந்தப் பக்கம்?"

"அது… அதெல்லாம் பரீட்சைக்கு வராது அக்கா."

"பின்ன எப்பிடி நீங்க பாஸாவியோ?" என்று கேட்டுவிட்டு டீ போடப் போனாள். கேலியா, கவலையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவள் கணவர் கொத்தனார். அதிகம் பேசாதவர், ஆனால் அன்று என்னைப் பார்த்ததும் நெடுநாள் சிறையில் இருந்தவர் இன்னொரு கைதியைப் பார்த்ததுபோல மலர்ந்தார். அலமாரியிலிருந்து ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"வாசியும் சாறே. ஆபீசுல மட்டுமில்ல, எனக்க வீட்டுலயும் இந்த ஏர்ப்பாடு உண்டு."

வாசித்தேன். மகள் கல்யாணத்துக்கான வீட்டுத் தீர்மானங்கள். 'ஊணு வேண்டாம், பிரியாணி போதும் என்று அவிய ரெண்டுபேரும். இலைபோட்டுச் சத்தியைச் சாப்பாடு போடணும் என்று நான். ரெண்டுக்கு ஒண்ணு. தோத்தேன்.' அடுத்தது, 'நகை இத்தனை வேண்டாம் என்று நான். பிள்ளையும் அதுக்க அப்பனும் வேணும் என்று. தோத்தேன்.' இப்படிப் பக்கம் பக்கமாக. சர்ச் சபைக் கமிட்டியில் தோற்றது வேறு தனியாக. பழைய தேவாலயத்தின் ஜன்னலை அடைத்து ஏசி வைக்கும் விஷயம்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுவல்ல. சில குறிப்புகளுக்கு நேரே, ஓரத்தில், வேறு மையில் பின்னாளில் எழுதியிருந்தாள். பிரியாணிக்கு நேரே: 'நல்லா இருந்தது. யாரும் மிச்சம் வைக்கேல்ல. எனக்க எதிர்ப்பு தப்பு.' நகைக்கு நேரே ஒன்றும் இல்லை.

"இது என்னக்கா?" என்றேன்.

"எழுதி வச்சாத்தானே எனக்க புத்தி எத்தர தடவ பெசகிச்சுன்னு தெரியும்? எழுதாட்டி, நல்லா முடிஞ்சா எல்லாரும் 'நானும் அதத்தான் பறஞ்சேன்'பாவ. கெட்டு முடிஞ்சா எல்லாரும் 'நான் அன்னிக்கே பறஞ்சேன்'பாவ. உள்ளதுல ஆரு என்ன பறஞ்சாவன்னு ஒரு மனுசனுக்கும் தெரியாது."

கொத்தனார் என் காதருகே குனிந்தார். "தோத்தா எழுதுவா சாறே. ஜெயிச்சா எழுதமாட்டா. அதாக்கும் எனக்க கேசு."

ஏன் இப்படி என்று அவளிடம் மூன்று முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை, "எனக்கு மறதியாக்கும் சாறே" என்றாள். இன்னொருமுறை மேலே சொன்ன பதில். மூன்றாவது முறை மழைக்கு இருவரும் பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கியிருந்தோம். "கூட்டத்துல சும்மா கைய வச்சிட்டிருக்கவியள நான் பாப்பேன் சாறே. தூக்கணும்னு இருக்கும். தூக்கமாட்டாவ. ஒரு கை மேல பொங்கினதுன்னு புஸ்தகத்துல இருந்தா, அடுத்த கூட்டத்துல ரெண்டாவது கைக்கு ஒரு தைரியம் வராதா?" பஸ் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் எதிர்ப்பக்க பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

இனி நான் செய்த அயோக்கியத்தனத்துக்கு வருகிறேன். இத்தனை நேரம் ஆட்டையும் பிரியாணியையும் காட்டித் தள்ளிப்போட்டதும் பயத்தில்தான்.

எங்கள் வார்டின் நடுவே சானல் ஓடுகிறது. நெய்யாற்று அணையிலிருந்து வரும் பாசனக் கால்வாய். அதற்கு மேல்கரையில், ரப்பர் விளைகளுக்கு நடுவே, கூலிவேலைக் குடும்பங்கள் இருக்கும் ஒரு காலனி. அங்கன்வாடி அந்தப் பக்கம்தான், ஒரு வாடகை அறையில் இருந்தது. ஓட்டிலிருந்து ஒழுகும். பக்கத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் புரைக் கொட்டகை. அந்த நாற்றத்தில்தான் பிள்ளைகள் கஞ்சி குடித்தன. அப்போது ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், 'வல்யசாறு', அதாவது பெரிய சார், என்று ஊரே அழைப்பவர், கீழ்க்கரையில் ரோட்டோரமாக இருந்த தன் நிலத்தில் கொஞ்சம் அங்கன்வாடிக்கு இலவசமாகத் தர முன்வந்தார். கட்டடம் பஞ்சாயத்து கட்டும். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஒரே ஒரு சங்கதி. காலனிப் பிள்ளைகள் அங்கே வர வேண்டுமென்றால் சானலைத் தாண்ட வேண்டும். சானலுக்குக் குறுக்கே இருந்தது ஒரு தடிப்பாலம். இரண்டு தென்னந்தடி, பிடிக்க ஒரு கம்பி. நான் அதை ஒருமுறை தாண்டியிருக்கிறேன், உட்கார்ந்தபடியே நகர்ந்து.

கூட்டத்தன்று நல்ல மழை. வந்தவர்கள் குறைவு. சட்டப்படி வேண்டிய தலைகளை எண்ணினேன், ஒன்றுகூட மிச்சமில்லாமல் சரியாக இருந்தது. வல்யசாறு முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். மெம்பர் என்னைத் தனியாக அழைத்தார்.

"சாறே, வல்யசாறுக்க ஒரே ஆசை. ஊரு முழுக்க ஏகமனதா ஏற்றுக்கிடணும். ஒரு எதிர்ப்பு இருந்துன்னு கேட்டா அவரு பத்திரத்துல ஒப்பு வைக்கமாட்டாரு. மனசு நொந்துபோவும். ஐககண்ட்யேன எழுதணும் கேட்டியளா. பிள்ளைய நனையாம இருக்கட்டு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. கெட்டவர்கள் கெட்டதைச் செய்யச் சொன்னால் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்குக்கூடக் கொஞ்சம் வீரம் வரும்.

அக்கா எழுந்தாள். "நெலம் தந்ததுக்கு வல்யசாறுக்கு நன்றி. இடம் எனக்கு சம்மதமில்ல. கொச்சுப் பிள்ளைய மழையில அந்தத் தடியில எப்பிடி வரும்? பாலம் கெட்டித் தாறோம்னு மொதல்ல எழுதுங்க. பின்ன இடம் மாத்துங்க."

காலனியிலிருந்து வந்திருந்த ஏழெட்டு அம்மாக்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டு ஆண்கள் வல்யசாறின் விளையில் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள். மெம்பர், "சம்மதமுள்ளவிய கை பொக்குங்க" என்றார். அந்த அம்மாக்களும் உயர்த்தினார்கள், தரையைப் பார்த்தபடி. என் தலைக்குள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்ட இரண்டு சிந்தனையாளர்களையும் அன்று கண்ணால் பார்த்தேன். வயிறு சுருண்டது.

மினிட்ஸ் எழுதினேன். 'இடம் எல்லாருக்கும் வசதியானது. ஐககண்ட்யேன தீர்மானிக்கப்பட்டது.' அவளுடைய மூன்று வரியை எழுதவில்லை.

எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு மழையில் ஓடினார்கள். அவள் வழக்கம்போலக் கடைசி ஆளாக மேசைக்கு வந்தாள். அவள் கையெழுத்து இல்லையென்றால் கூட்டமே செல்லாது, ஒரு தலை குறையும்.

"வாசிச்சுக் காட்டுங்க சாறே."

மலையாளத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தமிழில் வாசித்தேன். இல்லாததை வாசித்தேன். 'சானலில் பாலமில்லாமல் குழந்தைகள் வருவது ஆபத்து என்று ஒரு உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார். பாலம் கட்டிய பிறகே இடம் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் கருத்து பதிவு செய்யப்படுகிறது.' வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான தமிழ் என் வாயிலிருந்து வந்ததில்லை. மூன்று வரி, எண்ணி. அவள் இந்தமுறை கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொள்ளாம்" என்றாள். பேனாவை வாங்கினாள். "எனக்க ஒப்பு இன்னிக்கு கொஞ்சம் நீளம் சாறே." ஒப்பு என்றால் கையெழுத்து.

குனிந்து எழுதினாள். நேரம் எடுத்தாள். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை; பள்ளிக்கூடத்துக் கழிப்பறை ஹாலுக்குப் பின்னால் வலதுபுறம் மூன்றாவது கதவு, தாழ்ப்பாள் உண்டு. திரும்பி வந்தபோது புத்தகம் மூடியிருந்தது. அப்படியே பையில் வைத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். திறந்து பார்க்கவில்லை. செய்த திருட்டைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை.

வல்யசாறு பத்திரத்தில் ஒப்பு வைத்தார். கட்டடம் வந்தது. சுவரில் யானை, மயில், ஒரு மாம்பழம். அந்த மாம்பழத்துக்குப் பச்சை இலை வரைந்தவள் அக்கா. இடம் மாறியபோது பாத்திரங்களைத் தலையில் வைத்துத் தடிப்பாலம் வழியாகக் கொண்டு வந்தவளும் அவள்தான்.

இரண்டு மழைக்காலம் போயின. முதல் மழையில் காலனிப் பிள்ளைகளைத் தாய்மார்கள் இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வேலைக்கு நேரமாகிறது என்று சிலர் நிறுத்தினார்கள். இரண்டாவது மழையில் ஒரு தாயும் பிள்ளையும் தடியிலிருந்து சறுக்கிச் சானலில் விழுந்து, இடுப்பளவுத் தண்ணீர் என்பதால் தப்பினார்கள். அதன் பிறகு மேல்கரையிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. யானையையும் மயிலையும் பார்க்கக் கீழ்க்கரைப் பிள்ளைகள் மட்டும்.

நடைபாலம் கேட்டு அந்த அம்மாக்கள் மனு கொடுத்தார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரணை. எஞ்சினியர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், கண்டிப்பானவர், நியாயமானவர். மினிட்ஸ் புத்தகத்தோடு என்னை வரச்சொன்னார்கள். அந்த அறைக்கு மிக அருகிலுள்ள கழிப்பறையில் அன்று தண்ணீர் இல்லை என்பதை முன்னதாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

எஞ்சினியர் புத்தகத்தைப் புரட்டினார். மலையாளத்தில் கேட்டார். இடம் எல்லாருக்கும் வசதி என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறீர்கள். ஒருவர்கூடப் பாலம் கேட்கவில்லை. அப்போது இல்லாத தேவை இப்போது எப்படி வந்தது? வரிசையில் வேறு எத்தனையோ பாலங்கள் காத்திருக்கின்றனவே?

மெம்பர் கூரையைப் பார்த்தார். அம்மாக்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

எஞ்சினியர் பக்கத்தின் அடிக்கு வந்து நின்றார். கையெழுத்துகளின் கடைசியில், மற்றவர்கள் பெயர் போட்ட கட்டத்துக்குள், எறும்பு வரிசை மாதிரி பொடிப்பொடியாக நாலு வரி. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னிடம் திருப்பினார்.

"இது ஒப்பாணோ, கதையாணோ?"

தமிழ். அன்று அந்த அறையில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மெம்பர் தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அம்மாக்கள் எல்லாம் மலையாளம் படித்தவர்கள். நான் முதன்முதலாக அதை வாசித்தேன், மனதுக்குள்.

'இது ஏகமனது இல்ல. சானல்ல பாலம் இல்லாம கொச்சுப் பிள்ளைய வராது. எழுதச் சொன்னேன், சாறு எழுதேல்ல. எழுதாதத வாசிச்சாரு. அதுனால நானே எழுதி ஒப்பு வைக்கேன்.'

என் வயிறு அன்று சுருளவில்லை. ஆச்சரியமாக, எல்லாம் நின்றுபோயிருந்தது. ஒரு பொய் போதும்: 'வீட்டுப்பேரும் விலாசமும் சார், அவிய எப்பவும் இப்படித்தான் நீளமா எழுதுவாவ.' யாருக்கும் தெரியப்போவதில்லை. என் வேலை பிழைக்கும். பாலம் வரிசையில் கடைசிக்குப் போகும்.

"அது… சார், அது வந்து…" என்றேன்.

அக்கா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமே இல்லை. முதல்நாள் மீதிச் சாமான் கேட்ட அதே குரல்.

"எழுதாததையே அன்னிக்கு அத்தன அழகா வாசிச்ச ஆளுல்லா. எழுதினத வாசியுங்க சாறே."

வாசித்தேன். மலையாளத்தில், சொல்லுக்குச் சொல். 'சாறு எழுதேல்ல' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தேய்ந்தது. எஞ்சினியர், "கேட்கல, இன்னொரு தடவ" என்ற பொருளில் கையைக் காதில் வைத்தார். இன்னொருமுறை சத்தமாக வாசித்தேன். மெம்பர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். பின்வரிசையில் ஒரு அம்மா, சானலில் விழுந்தவள், கையை உயர்த்தினாள். யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் உயர்த்தினாள். அப்புறம் இன்னொருத்தி.

வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன். "எப்பிடிக் கண்டுபிடிச்சிய?"

"நான் பேசும்போ உங்க பேனா அனங்கேல்ல. மெம்பர் பேசும்போ அனங்கி ஓடிச்சு. வாசிக்கும்போ உங்க கண்ணு தாளுல இல்ல, சன்னல்ல."

"பின்ன ஏன் அன்னிக்கே என்னைப் பிடிக்கேல்ல?"

"பிடிச்சா நீங்க கக்கூசுக்கு ஓடியிருப்பியோ. ஒப்பு வைக்காம போயிருந்தா கூட்டமே இல்லன்னு ஆயிருக்கும், ஊரு எடுத்த தீருமானத்த நான் ஒருத்தி கொல்லணுமா? தோக்கதுக்கு எனக்கு ஒரு தயக்கமும் இல்ல சாறே. தோத்தேன்னு இருக்கணும், அவ்வளவுதான்."

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள். நாலுமுறை எழுதிக் கிழித்து, ஐந்தாவது முறை உண்மையை எழுதினேன். ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பாலத்துக்கு அனுமதி வந்தது. வல்யசாறிடம் விஷயத்தைச் சொல்ல ஊரே பயந்தது. சொன்னதும் அவர், "இத ஆராவது எனக்கிட்ட நேரா பறஞ்சிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாராம். பயந்ததெல்லாம் வீண் என்று ஆன அந்த அந்தர்பல்டியில் மெம்பர் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.

எம்.ஏ. தாளை மூன்றாவது முறை எழுதினேன். ஒருமனது பற்றிய கேள்விதான் வந்தது. இருவர் சொன்னதையும் எழுதிவிட்டு, மூன்றாவதாக, பெயர் சொல்லாமல், இவள் சொன்னதையும் மூன்று வரி சேர்த்தேன். எந்தச் சிந்தனையாளர் என்று திருத்தியவர் குழம்பியிருப்பார். பாஸ்.

கதை இத்துடன் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் பாலம் திறந்த வாரம் நடந்த கிராமசபையில் மெம்பருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. தன் தப்பைத் தானே வாசித்த ஒருங்கிணைப்பாளருக்கு, அதாவது எனக்கு, ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள். காலனி அம்மாக்கள் கையை உயர்த்தினார்கள், இந்தமுறை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி. நான் கூச்சத்தோடு பேனாவை எடுத்தேன். பழைய விரல், பழைய சொல். 'ஐக' என்று எழுதிவிட்டேன்.

"எனக்கு சம்மதமில்ல" என்றாள் அக்கா.

ஹால் சிரித்தது.

"எழுதினத வாசிக்கதுக்குப் பொன்னாடையா? அது அவருக்க ஜோலியாக்கும். அதுக்கு ஆடை போத்தினா நாளைக்கு எழுதாதவியளுக்கு என்ன போத்துவியோ?" மேசைக்கு வந்தாள். "எழுதிக்கிடுங்க சாறே. மூணு வரி."

'ஐக' வை அடித்தேன். எழுதினேன். என் பொன்னாடைக்கு எதிரான மூன்று வரியை, என் கையாலேயே, ஒரு சொல் விடாமல். தமிழில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். வெறும் பெயர், அரை வினாடி.

தோற்றாள். மறுநாள் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போய், கடை கடையாக ஏறி, சாயம் போகுமா போகாதா என்று ஈரவிரலால் தேய்த்துப் பார்த்து, அந்தப் பொன்னாடையை வாங்கி வந்தவளும் அவள்தான்.

பிற்பாடு மகள் வீட்டோடு போய்விட்டாள், தூரத்து ஊர். நோட்டும் கூடவே போயிருக்கும். அதில் பொன்னாடைக்கு ஒரு குறிப்பு நிச்சயம் உண்டு. அதற்கு நேரே, ஓரத்தில், வேறு மையில், 'எனக்க எதிர்ப்பு தப்பு' என்று இத்தனை வருடத்தில் எழுதியிருக்கிறாளா? போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவாள். பலமுறை எடுத்து, பாதி எண்ணை அழுத்திவிட்டு, எழுந்து போயிருக்கிறேன். எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.